களத்தில் கிடக்கும் உன் நான்கு டயர்கள்

குமாருக்கு,

நீ அனுப்பி வைத்த நான்கு டயர்களையும் போன வாரம் கழற்றிவிட்டேன். களத்தில் தென்னை மட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. சாரல் விடாமல் பெய்கிறதே, உள்ளே தண்ணீர் தேங்கிக் கொசு முட்டை வைக்கப் போகிறது என்று, என்னோடு தோட்ட வேலை பார்க்கிற செல்லம்மா ஒரு பழைய தார்ப்பாயைப் போட்டு மூடியிருக்கிறாள். நல்ல டயர்கள்தான். குறை சொல்ல முடியாது. தரையைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டைகளை டயர் கடைக்காரர்கள் பட்டன் என்கிறார்கள், அதில் ஒன்றுகூடத் தேயவில்லை. நீ அவற்றைத் தேர்ந்தெடுத்த காரியத்துக்கு அதைவிடப் பொருத்தமான டயர் கிடைக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காரியம் என்ன என்று எனக்கு நீ சொல்லவில்லை. வேற்றாள் ஒருவர் வந்து சொன்னார். இரண்டு மாதமாக உன் போனை நான் எடுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று நீ செல்லம்மாவிடம் கேட்டாயாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். கல்யாணம் ஆகப் போகிற மகனுக்கு அம்மா எழுதுகிற கடிதம் என்றால் நல்ல வார்த்தையாக நாலு இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். கடைசியில் எழுதப் பார்க்கிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இதை நான் ஒளித்து அனுப்பவில்லை. என் வயதில் பிள்ளையின் போனுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் நம் ஊரில் தெருவுக்குப் பாதிப் பேர். அவர்களும் படிக்கட்டும், உன் கூட்டாளிகளும் படிக்கட்டும்.

எல்லாம் என் முழங்காலில் தொடங்கியது. குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறி, பண்பொழியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் அடிவாரம் வரை போய்விடுவேன். அதற்குப் பிறகுதான் கஷ்டம். நம் தோட்டம் உனக்குத் தெரியாததா? வாசலை ஒட்டிக் கீழே வயல், அதைத் தாண்டினால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் மேடேறினால் எலுமிச்சையும் தென்னையும். என் அப்பா எனக்கென்று எழுதிக் கொடுத்த இடம். போலீஸ் வேலையில் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த உன் அப்பா அதில் ஒரு நாளும் மண்வெட்டி பிடித்ததில்லை. அவர் போன பிறகு எனக்குத் துணையாக நின்றதும் அந்த இடம்தான். போன வருஷம் அந்த மேட்டில் ஏறும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். மேடு பள்ளம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது நீதான் சென்னையிலிருந்து போன் செய்து, "யம்மா, நீ நடக்காண்டாம். உனக்கு ஒரு வண்டி பாத்திருக்கேன்" என்றாய்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, பின்னால் மூட்டை போட, கதவில்லாமல் கம்பிக்கூண்டோடு ஒரு வண்டி. மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் ஓடியது என்று பழையதாக வாங்கி மாசியில் டெம்போவில் ஏற்றி அனுப்பினாய். இறக்கியவுடன் செல்லம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "யக்கா, டிராக்டருக்கும் ஆட்டோவுக்கும் பொறந்த பிள்ள மாதிரில்லா இருக்கு" என்றாள். அதற்கு ரோட்டில் ஓடப் பதிவு கிடையாது, காட்டு இலாகா இடத்திலும் விட மாட்டார்கள், சொந்த இடத்துக்குள் மட்டும்தான் ஓட்டலாம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எனக்கென்ன, நான் அதில் குற்றாலத்துக்குக் குளிக்கவா போகப் போகிறேன் என்று சிரித்தேன். நான் இருக்கிற வரை அந்த வண்டிக்கு நம் வாசலுக்கு உள்ளேதான் வேலை. உனக்கும் அதுதான் கணக்கு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வண்டியோடு வந்த டயர்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. புதிது போட வேண்டும் என்று பேச்சு வந்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன். அதுவரை உன் போன் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை, "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கேன்." அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் எனக்குக் காய்ச்சல் வர வேண்டும். டயர் பேச்சு தொடங்கியதும் நீ சாயங்காலம் தவறாமல் கூப்பிட்டாய். ஆபீஸ் விட்டு வருகிற வழியில், இரைச்சலுக்கு நடுவில், அவசரமில்லாமல் பேசினாய். போன் வரும் நேரத்துக்கு முன்னாலேயே நான் விளக்கேற்றிவிட்டு, டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

"யம்மா, சாரல் நேரம் ஓடையில தண்ணி எம்புட்டு ஆழம் இருக்கும்?"

"முழங்காலுக்கு மேல வரும்லே. மலையில பெருசா பெஞ்சா இடுப்பு."

"அடியில மணலா, பாறையா?"

"எறங்குத இடம் சரள. நடுவுல வழுக்குப் பாற. அங்கிட்டு ஏறுத இடம் செம்மண்ணு, நனைஞ்சா அல்வா மாதிரி இருக்கும்."

"ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா ஒதுங்க முடியுமா?"

"நம்மகிட்ட ஒரு வண்டிதானல இருக்கு. எதுத்தாப்புல எவன் வரப் போறான்?"

"சும்மா கேக்கேன்மா."

சும்மா கேட்டாய் என்று நான் நம்பினேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஓடையின் எந்தத் திருப்பத்தில் போன் சிக்னல் கிடைக்கும், எந்தப் பாறையில் நின்றால் மலையருவி தெரியும், வயலில் தண்ணீர் கட்டினால் எத்தனை நாள் சேறு காயாமல் நிற்கும், வாசலுக்கு வெளியே பஸ் திரும்ப இடம் உண்டா என்பது வரைக்கும் சொன்னேன். டயருக்கும் அருவி தெரிகிற பாறைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா என்றால், இல்லை. என் பிள்ளைக்குத் தோட்டத்தில் ஆசை வந்துவிட்டது, ஓடை ஓடையாகக் கேட்கிறான், கல்யாணம் முடிந்து இந்தப் பக்கமே வந்துவிடுவான் போலிருக்கிறது என்று செல்லம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அவள் மட்டும், "பய எதுக்குக்கா இம்புட்டுக் கேக்குதான்?" என்று ஒரு தடவை கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதைப் பேச்சில் எடுக்கவில்லை.

உனக்கு உதவியாக இருக்கட்டுமே என்று நானும் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சை மூட்டையோடு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போன அன்று, பக்கத்திலிருந்த டயர் கடையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிராக்டர், டெம்போ டயர் விற்கிற அண்ணாச்சி. "என்னக்கா, இந்த வயசுல ரேஸுக்குப் போறீயளோ?" என்று கிண்டல் செய்தவர், நான் விடாமல் கேட்கவும் சுவரில் மாட்டியிருந்ததை எல்லாம் இறக்கிக் காட்டினார். பட்டன் உயரமாக, இடைவெளி அகலமாக இருந்தால் அது சேற்றுக்கு. சேற்றை அள்ளி வெளியே எறிந்துவிட்டு உருளும். பட்டன் குட்டையாக, நெருக்கமாக இருந்தால் பாறையிலும் சரளையிலும் ரப்பர் நிறையப் படும், வழுக்காது, மண்ணையும் பிய்க்காது. பக்கவாட்டு ரப்பர் கனமாக இல்லாவிட்டால் உடைமுள் அங்கேதான் ஏறும். வண்டியின் கனத்துக்குக் காற்றைக் குறைத்தே வைக்க வேண்டும், பந்து மாதிரி அடித்தால் தூக்கிப் போடும். இதையெல்லாம் கேட்டுவிட்டு நானே முடிவு செய்தேன். எலுமிச்சைக்கு வேர் மேலாகத்தான் ஓடும். அதன் ஊடே நாள் தவறாமல் போகிற வண்டிக்கு மண்ணைக் கிழிக்கிற டயர் ஆகாது. குட்டைப் பட்டன், நெருக்கமாக, பக்கம் கனமாக. அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னபோது நீ, "சூப்பர்மா, நீயே எஞ்சினியர் ஆயிட்ட" என்றாய். எனக்குக் கால் தரையில் படவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் தென்காசி பார்சல் ஆபீசுக்கு டயர் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் நான் சொன்னதற்கு நேர் எதிர். பட்டன் ஒவ்வொன்றும் என் கட்டை விரல் உயரம். நடுவில் கையை மடக்கி வைக்கிற அளவுக்கு இடைவெளி. கடையில் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துப் பதறிப் போய் உன்னைக் கூப்பிட்டேன். "இல்லம்மா, நாந்தான் மாத்திச் சொன்னேன். இதுதான் நல்லது. என்னைய நம்பு" என்றாய். நம்பு என்று சொன்ன பிறகு அம்மா என்ன செய்வாள்? நம்பினேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஒன்பதாவது படிக்கும்போது உன் சைக்கிளின் முன் டயரைக் கொடுத்துவிட்டு, எவனோ ஒருவனுடைய வழவழப்பான டயரை மாட்டிக்கொண்டு வந்தாய். வேகமாகப் போகும் என்று ஆசை. கேட்டபோது, கடைக்காரர் மாற்றிப் போட்டுவிட்டார் என்றாய். உன் காது இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே உனக்கு அப்படித்தான். பொய் சொன்னால் முகம் மாறாது, குரல் நடுங்காது, காது மட்டும் காட்டிக் கொடுத்துவிடும். அன்று உன் அப்பா அடிக்கக் கை ஓங்கியபோது நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். இவன் காது இருக்கிற வரை இவன் நம்மை ஏமாற்ற முடியாது, விடுங்கள் என்று சொன்னேன். போனில் காது தெரியாது என்பதை அன்றைக்கு நான் எங்கே யோசித்தேன்.

ஆனால் ஒரு தடவை நேரிலேயே பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். சித்திரையில் நீ லீவில் வந்திருந்தாய். வண்டிக்குப் பூஜை போட டெம்போவில் ஏற்றித் திருமலைக்கோயில் அடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். நம் தோட்டத்து எலுமிச்சம்பழமே நாலு எடுத்துப் போயிருந்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு டயருக்கும் கீழே ஒவ்வொரு பழம் வைத்தார் பூசாரி. முருகா என்று சொல்லி நீ வண்டியை நகர்த்தினாய். மூன்று பழம் நசுங்கியது. முன் டயர் ஒன்றுக்குக் கீழே வைத்த பழம் மட்டும், இரண்டு பட்டன்களுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் புகுந்து, டயர் உருண்டு போன பிறகும் குண்டாக அப்படியே தரையில் கிடந்தது. பூசாரி பாவம், அவர் இப்படி ஒரு டயரைப் பார்த்ததில்லை. பின்னால் எடுத்து மறுபடியும் ஏற்றச் சொன்னார். மறுபடியும் நசுங்கவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். கடைசியில் நீ இறங்கிச் செருப்புக் காலால் மிதித்து நசுக்கினாய். "ஏலே, எலுமிச்சம்பழமே உள்ள போயிட்டு வருது. நம்ம தோட்டத்துக்கு எதுக்குல இம்புட்டுப் பள்ளம்?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ மாலையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டாய். காது சிவந்திருந்தது. சித்திரை வெயில், பிள்ளைக்குச் சென்னையில் ஏசியிலேயே இருந்து பழகிவிட்டது என்று நினைத்து, என் முந்தானையை உன் தலைக்குமேல் பிடித்தேன். இதை எழுதும்போது அந்த முந்தானையை நினைத்துத்தான் எனக்கு அழுகை வருகிறது.

நீ ஊருக்குப் போன பிறகு வண்டியை நான் ஓட்டப் பழகினேன். கோடை மழை ஒன்று பெய்தது. ஓடை நடுவே பாறையில் ஏறினால் பின் சக்கரம் அரைவட்டம் அடிக்கிறது. மேட்டில் ஏறினால் செம்மண்ணை வாரி வாரி எறிகிறது. வரப்பில் ஒரு முறை போய் வந்தால் வரப்பு உடைந்து கிடக்கிறது. எலுமிச்சை வரிசையில் சொட்டுநீர்க் குழாய் இரண்டு இடத்தில் கிழிந்தது, தாய்மரம் இரண்டில் வேர் தோலுரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. வண்டி சாய்கிறபோதெல்லாம் செல்லம்மா முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலைக்கோயில் முருகனைத் திட்டுவாள். உன்னிடம் சொன்னேன். "நீ ஓட்டுதது சரியில்லம்மா. ஸ்டியரிங்க ஒடிக்காத, மெதுவா மிதி" என்றாய். சரிதான், வயதான காலத்தில் எனக்குத்தான் கை வரவில்லை என்று நான் காற்றைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், மூட்டையை முன்னால் வைத்துப் பார்த்தேன். கிழிந்த வேருக்கு மண் அணைத்துவிட்டு மரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். டயர் எந்த மண்ணுக்கானது என்று தெரிந்துகொண்டே நீ என் கையைக் குறை சொன்னாய் பார், அதை என்னால் செரிக்க முடியவில்லை குமார்.

வைகாசி கடைசியில் ஒரு காலை. கார் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவி, வயலைத் தொழி அடித்துச் சேறாக்கித் தண்ணீர் கட்டியிருந்தோம். நானும் செல்லம்மாவும் மேட்டிலிருந்து வண்டியில் இறங்கி வந்தால், வயலைச் சுற்றிச் சிவப்புக் கொடி கட்டிய குச்சிகள் ஊன்றியிருக்கின்றன. வாசலில் ஒரு கார். கேரளத்துப் புனலூரிலிருந்து வருவதாக ஒருவர், நாற்பது வயது இருக்கும், முழுக்கால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். அவர் கண் முதலில் போனது வண்டியின் டயருக்குத்தான்.

"கறெக்ட் டயர் அம்மே. குமார் சார்கிட்ட ஞான்தான் பறஞ்சது. மத்த வண்டிக்கும் இதேதான் வருது" என்றார்.

"மத்த வண்டியா? எந்த மத்த வண்டி?"

அவர் சந்தோஷமாகவே விளக்கினார். குற்றாலம் சீசனுக்கு வருகிற ஜனங்கள் அருவியில் குளித்துவிட்டு வேறு என்ன செய்வார்கள்? இந்த மாதிரி வண்டிகளை ரோட்டில் ஓட்ட முடியாது, காட்டிலும் விட மாட்டார்கள், ஓடையும் பாறையும் மேடும் உள்ள தனியார் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்காமல் அலைந்தார்களாம். நீ காட்டினாயாம். ஓடையில் இறங்கிப் பாறையில் ஏறி, அருவி தெரிகிற இடத்தில் நிறுத்திப் போட்டோ, திரும்பி வந்து கடைசியில் இந்த வயலில் சேற்றுச் சவாரி. "சேறு தெறிக்கணும் அம்மே, அதுக்குத்தான் ஆளுகள் வருது. அதுக்கு இந்த டயர் இல்லாம நடக்காது."

செல்லம்மாதான் கேட்டாள். "வயல்ல நெல்லு நடப் போறோம். நீரு வண்டி விடணுங்கீரு. அப்ப எங்க அக்கா எங்க போவாவ?"

அவர் முகம் மாறியது. "கல்யாணம் கழிஞ்சா அம்மா சென்னைக்குப் போகுது, இனி விவசாயம் இல்லன்னு சார் சொன்னாரே. அம்மே, மோன் உங்ககிட்ட ஒண்ணும் பறஞ்சில்லையா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், என் பிள்ளை என்னிடம் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வேன்? குனிந்து டயரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனுஷன். வயலைச் சுற்றி வந்து தான் ஊன்றிய கொடிக்குச்சிகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். போகும்போது, "க்ஷமிக்கணும் அம்மே" என்று சொன்னார். என்னிடம் இதுவரைக்கும் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு உன் போன் வந்தது. "யம்மா, டயர் எப்படி ஓடுது?" என்றாய். நல்லா ஓடுது என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது. கோபத்தில் கத்தியிருக்கலாம். ஆனால் கத்துவதற்குள் எனக்கு அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஆழம் எவ்வளவு, பாறை எங்கே, சேறு எத்தனை நாள் நிற்கும், பஸ் திரும்புமா. பிள்ளை பேசுகிறான் பேசுகிறான் என்று நான் மடியில் கட்டி வைத்திருந்த அத்தனை பேச்சும் அளவெடுக்க வந்தவனின் கேள்விகளாக மாறிப் போயின. நிலத்தைக் கேட்டிருந்தால்கூட இந்த வலி இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்போம், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு சேர்ந்திருப்போம். நான் மாட்டேன் என்று சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ கேட்கவே இல்லை. என் வாயாலேயே என் இடத்தை உனக்கு வரைந்து கொடுக்க வைத்தாய்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. உன் பக்கத்து நியாயத்தையும் நானே எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மாவுக்கு மூட்டு வலி, தனியாகக் கிடந்து சாகிறாள், நம்மோடு வந்து இருக்கட்டும், நிலமும் சும்மா கிடக்காது என்று நீ நினைத்திருப்பாய். சென்னையில் எனக்கென்று ஓர் அறைகூடப் பார்த்து வைத்திருக்கிறாயாம். அது எனக்கு, நீ கட்டிக்கொள்ளப் போகிற தேவி சொல்லித் தெரியும். ஆனி மாதம் அவள் போன் செய்தாள். "அத்த, கல்யாணத்துக்கப்புறம் நீங்க எங்ககூட இருக்கப் போறீயளாமே, எனக்குச் சந்தோஷம்தான். ஆனா தோட்டத்த விட்டுட்டு வர உங்களுக்குச் சம்மதமா அத்த?" என்று கேட்டாள். இன்னும் தாலி ஏறாத பெண் கேட்ட கேள்வி அது. கேட்டுவிட்டு அவளே பயந்து, ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா என்றாள். இல்லைத்தா, நீதான் சரியாகக் கேட்டாய் என்றேன். உன்னை அவளிடம் நான் காட்டிக் கொடுக்கவில்லை. அது உன் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன், இது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் புத்திமதி. நாளைக்கு அவள் உன்னிடம் வாய் ஓயாமல் பேசுவாள். ஆபீஸ் கதை, அம்மா வீட்டுக் கதை, சின்ன வயதில் விழுந்த கதை. அவள் சந்தோஷத்தில் சொன்னதை எடுத்து வைத்துக்கொண்டு உன் காரியத்துக்குப் பயன்படுத்தாதே. உனக்கு ஒன்று வேண்டும் என்றால், எனக்கு இது வேண்டும் என்று முகத்தைப் பார்த்துக் கேள். கிடைக்காமல் போகட்டும், பரவாயில்லை. பேச்சில் ஏமாந்தவளுக்குப் பிறகு யார் அன்பாக ஒரு வார்த்தை கேட்டாலும் இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். போன வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், தோட்டம் எங்கே இருக்கிறது என்று சும்மா கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். நான் அப்படிப்பட்ட ஆளா? ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கியவள். என்னை இப்படி ஆக்கியதுதான் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் பாவூர்சத்திரம் அண்ணாச்சி நான் கேட்டிருந்த டயரை வரவழைத்துவிட்டார். குட்டைப் பட்டன், நெருக்கமாக, பக்கம் கனமாக. அவரே ஆள் கூட்டிவந்து தோட்டத்தில் வைத்து மாற்றிக் கொடுத்தார். கழற்றிய டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏ அக்கா, இது யாரு எடுத்தா? இது சேத்துல கும்மாளம் போடுதவன் போடுததுல்லா" என்றார். என் மகன் என்று சொல்லவில்லை, தெரியாமல் வந்துவிட்டது என்று சொன்னேன். இந்தத் தடவை கோயிலுக்கெல்லாம் போகவில்லை. நாலு எலுமிச்சம்பழத்தை நானே வைத்து, நானே ஏற்றினேன். நாலும் நசுங்கியது. செல்லம்மா குலவையே இட்டுவிட்டாள். பிறகு சாரலில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் ஓடையில் இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. பாறையில் வண்டி தடவிக்கொண்டு ஏறியது, வழுக்கவில்லை. செம்மண் மேட்டில் திரும்பிப் பார்த்தால் மெல்லிசாக ஒரு தடம், அவ்வளவுதான். எனக்கு ஓட்டத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வயலில் நட்ட பயிர் பச்சை பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்குச் சென்னைக்கு வருவேன். நல்ல பட்டுச் சேலை கட்டி, சிரித்த முகமாக நின்று, தேவி கையைப் பிடித்து உன் கையில் கொடுப்பேன். மறுநாள் ரயிலேறித் தென்காசிக்கு வந்துவிடுவேன். அந்த அறையில் துணி காயப் போட்டுக்கொள்ளுங்கள். நிலத்தைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம், அது என்னோடுதான் இருக்கும்.

அதற்கு முன்னால் உன் டயர்களை எடுத்துக்கொண்டு போக நீ வர வேண்டும். ஆள் அனுப்பாதே, லாரி அனுப்பாதே, போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். நீயே வா. தொப்பி போடாமல் வா. களத்தில் உன்னை எனக்கு எதிரே நிற்க வைத்து, உன் காது இரண்டையும் பார்த்துக்கொண்டு உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். சாரல் நேரம் ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அத்தனை தடவை கேட்டாயே, அதில் ஒரு தடவையாவது, அம்மா அதில் விழுந்துவிடக் கூடாதே என்று நினைத்துக் கேட்டாயா?

அம்மா